காஞ்சிப்பட்டும் நைட் கிளப்பும்

சஃபையர் தியேட்டர் நினைவிருக்கிற சென்னைக்காரர்களுக்கு இப்போது நாற்பத்தைந்து வயதாவது தாண்டியிருக்கும். மவுண்ட் ரோட்டில், இன்றைய ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில், 1964-ல் திறந்த வளாகம் அது. சஃபையர், புளூ டைமண்ட், எமரால்டு என்று ஒரே கூரைக்குக் கீழே மூன்று தியேட்டர்கள். புளூ டைமண்டில் படம் ஓடிக்கொண்டே இருக்கும். டிக்கெட் எடுத்துக்கொண்டு எந்நேரமும் உள்ளே நுழையலாம். வெயிலுக்கு ஒதுங்கியவர்கள், கல்லூரிக்கு மட்டம் போட்டவர்கள், காதலர்கள் என்று அதற்கென்றே ஒரு கூட்டம் உண்டு. அதே வளாகத்தின் அடித்தளத்தில் ‘நைன் ஜெம்ஸ்’ என்ற நைட் கிளப் நடந்தது அந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ.

1969-ல் அந்தக் கிளப்பின் மைக் முன்னால் புடவை கட்டிய ஒரு பெண் போய் நின்றார். பெயர் உஷா ஐயர். பம்பாயில் வளர்ந்த தமிழ்ப்பெண். அப்பா அங்கே போலீஸ் அதிகாரி. ஊருக்கு வந்த இடத்தில் கிடைத்த வாய்ப்பு. வந்திருந்தவர்களுக்குப் பாட்டு பிடித்துப்போக, இன்னும் ஒரு வாரம் இருந்து பாடிவிட்டுப் போகச் சொன்னார் கிளப் முதலாளி. அந்த ஒரு வாரம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நீண்டுவிட்டது.

கல்யாணத்துக்குப் பிறகு அவர் உஷா உதூப். 2011-ல் பத்மஸ்ரீ, 2024-ல் பத்மபூஷண். பெயரைச் சொன்னதும் பெரிய பொட்டும், பட்டுப்புடவையும், கனத்த குரலும் யாருக்கும் கண்முன் வந்துவிடும். ஆனால் அவர் பாடிய பத்துப் பாட்டைச் சொல்லுங்கள் என்று கேட்டுப்பாருங்கள். ஐந்தாவதுக்குள் பெரும்பாலானோர் திணறிவிடுவார்கள். நானும் திணறினேன். சினிமாவில் அவர் பாடியவற்றில் பட்டிதொட்டி எங்கும் போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். சினிமாப் பாட்டை வைத்தே பாடகரை எடைபோடுகிற ஒரு நாட்டில், இவ்வளவு குறைந்த கையிருப்போடு ஒருவர் அரை நூற்றாண்டு மேடையை நிரப்பியது எப்படி?

அவரைப் ‘பாப் பாடகி’ என்று எழுதுவது வழக்கம். பதில் அந்தப் பட்டத்தில் இல்லை. அவர் தொழில் கற்ற இடத்தில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நைட் கிளப் என்றதும் நமக்குத் தோன்றுவது தமிழ் சினிமாவின் ‘கிளப் டான்ஸ்’. வில்லன் கையில் கோப்பை, சுழலும் விளக்கு, அரைகுறை உடையில் ஒரு பெண், தூணுக்குப் பின்னால் துப்பறிய வந்த கதாநாயகன். இந்தக் காட்சிக்கு ஒரு குரல் தேவைப்பட்டது. எல்.ஆர். ஈஸ்வரி போன்ற அசாத்தியமான பாடகிக்கே அதிகமும் இந்த வகைப் பாட்டுகள்தான் வந்தன. கதாநாயகிக்கு ஒரு குரல், கிளப்பில் ஆடுகிறவளுக்கு வேறு குரல் என்று ஒரு கோடு இருந்தது. இந்தி சினிமாவிலும் இதே கதைதான்.

அசல் கிளப் இத்தனை பரபரப்பான இடமில்லை. சாப்பாட்டு மேஜைகள், நடுவில் ஆடுவதற்குக் கொஞ்சம் இடம், ஒரு மூலையில் டிரம்ஸ், பேஸ், பியானோ, ஒரு சாக்ஸபோன். அவர்களுக்கு முன்னால் ஒரு மைக். பாடகரின் வேலை இரவில் இரண்டு மூன்று தவணையாகப் பாடுவது. எதிரே இருப்பவர்கள் அவரைக் கேட்கவென்றே வந்தவர்கள் இல்லை, சாப்பிட வந்தவர்கள். ஒரு மேஜையில் பிறந்தநாள், அடுத்ததில் வியாபாரப் பேச்சு, மூலையில் கோபித்துக்கொண்டிருக்கும் தம்பதி. கரண்டிச் சத்தத்தை மீறி இவர்களை ஒவ்வொருவராகத் தன் பக்கம் திருப்ப வேண்டும். திருப்பினாலும் முதலாளிக்கு நஷ்டம் வரக்கூடாது, சாப்பாடும் விற்க வேண்டும். எழுந்து ஆட வைக்க ஒரு பாட்டு, உட்கார வைத்து ஆர்டர் கொடுக்க வைக்க இன்னொரு பாட்டு. இந்தக் கணக்கு தெரியாதவருக்கு எவ்வளவு நல்ல குரல் இருந்தும் அங்கே வேலை நிலைக்காது.

இந்தத் தொழிலுக்கு மூலம் அமெரிக்கா. 1930-களிலிருந்து 50-கள் வரை, நாடகத்துக்கும் சினிமாவுக்கும் தொழில்முறைப் பாடலாசிரியர்கள் எழுதிய பாட்டுகளைப் பலரும் பாடிப் பிழைத்த ஒரு மரபு அங்கே இருந்தது. பின்னால் ராக் அண்ட் ரோல் வந்து சந்தையைப் பிடித்ததும், பழையதை அடையாளம் காட்ட ‘டிரடிஷனல் பாப்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஃபிராங்க் சினாட்ரா, பெக்கி லீ, டோனி பென்னட் எல்லாம் இந்த வழியில் வந்தவர்கள். மரபை உண்டாக்கியதில் பாதிப் பங்கு மைக்குக்கு. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் மைக் இல்லாமலே கொட்டகை அதிரப் பாடியதை நாம் பெருமையாகச் சொல்வோம். மைக் வந்த பிறகு அந்தத் தொண்டை தேவைப்படவில்லை. காதோடு பேசுவதுபோலப் பாடலாம். பெக்கி லீ 1941-ல் பாம் ஸ்பிரிங்ஸ் ஊரில் ‘டால் ஹவுஸ்’ என்ற இடத்தில் பாடிக்கொண்டிருந்தபோது ஒரே கூச்சல். இரைச்சலுக்கு மேல் கத்திப் பயனில்லை என்று தெரிந்ததும் குரலை இன்னும் தாழ்த்தினார். என்ன பாடுகிறாள் என்று கேட்பதற்காகவே கூட்டம் அடங்கியது. பிறகு அதுவே அவர் பாணியாகிவிட்டது. 1958-ல் அவர் பதிவு செய்த ‘ஃபீவர்’ பாட்டில் பேஸ், டிரம்ஸ், விரல் சொடுக்கு, இவ்வளவுதான். அடங்கிய குரல் அறை முழுவதையும் எப்படிக் கட்டிப்போடும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

கிளப் பாடகரை நம்மவர்கள் ஏளனமாகப் பார்க்க ஒரு காரணம் உண்டு. ‘அடுத்தவர் பாட்டைத்தானே பாடுகிறார்?’ இதே கேள்வியைக் கச்சேரி வித்வானிடம் யாரும் கேட்பதில்லை. தியாகையர் கிருதியை எத்தனையாவது ஆளாகப் பாடுகிறார் என்று எண்ணுவதில்லை. எப்படிப் பாடுகிறார் என்றுதான் பார்க்கிறோம். டிரடிஷனல் பாப்பும் அந்த வகையில் நம் கச்சேரிக்குச் சொந்தக்காரன். பாட்டு பொது, பாடும் விதம் சொந்தம். இன்னொரு ஒற்றுமை எனக்கு எப்போதும் சிரிப்பூட்டும். சபாவில் முதல் வரிசை மாமா சீட்டு எழுதி மேடைக்கு அனுப்புவார், ‘இன்று ஒரு சிவரஞ்சனி’. கிளப்பிலும் பேரர் கையில் அதே சீட்டுதான் வரும். ராகத்துக்குப் பதில் பாட்டின் பெயர் இருக்கும்.

உஷாவின் குரலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பிலிருந்து அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள்; குழுவாகப் பாடும்போது அந்தக் குரல் மற்றப் பிள்ளைகளோடு ஒட்டவில்லை. பாட்டு உள்ளுக்குள் இருக்கிறது என்று கண்டுகொண்ட ஆசிரியை, தாளம் தட்டுகிற கருவிகளைக் கையில் கொடுத்து உட்கார வைத்தாராம். நம் கணக்கில் பெண் குரலென்றால் ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண் ஒன்று, ஒன்றரை. உஷா உதூப் இரண்டுக்கும் நடுவிலான, யாரும் வீடு கட்டாத நிலத்தில் பாடுகிறவர். லதா மங்கேஷ்கரின் மெல்லிய உச்சக் குரலே பெண்மைக்கு இலக்கணம் என்றிருந்த காலத்தில், சினிமா அவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கவில்லை. கிளப்புக்கு அந்த இலக்கணம் தேவையில்லை. அங்கே தாழ்ந்த குரல் குறையல்ல, முதலீடு. அவருடைய அக்காமார்களும் மேடையில் மேல்நாட்டுப் பாட்டுப் பாடியவர்கள். வீட்டு வானொலியில் கர்நாடகம், இந்துஸ்தானி, ரேடியோ சிலோன் எல்லாம் ஓடியிருக்கிறது. முறையாக உட்கார்ந்து சங்கீதம் பயிலாத அவருக்குக் காதுதான் குரு.

இனி, சென்னையில் தொடங்கியவர் கல்கத்தாக்காரராகிப் போனதற்கு வருவோம். இதில் குடும்பக் காரணம் இருக்கிறது. கல்கத்தாவின் ட்ரிங்காஸ் உணவகத்தில் பாடும்போதுதான் கணவர் ஜானி சாக்கோ உதூப்பைச் சந்தித்தார். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு பொருளாதாரக் காரணம் இருக்கிறது, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. அது மதுவிலக்கு.

சென்னை மாகாணம் முழுக்க 1948 முதல் மதுவிலக்கு. தி.மு.க. அரசு அதைத் தளர்த்தியது 1971-ல். 1974-ல் திரும்பவும் கொண்டுவந்தது. ஆக, உஷா ஐயர் நைன் ஜெம்ஸில் பாடிய 1969-ல் சென்னை ‘வறண்ட’ ஊர். பெர்மிட் வைத்திருக்கிறவர்களுக்குத்தான் சட்டப்படி மது. நைட் கிளப்பின் வரவு செலவை யோசித்துப் பார்த்தால் விஷயம் விளங்கும். இசைக்குழுவுக்கும் பாடகிக்கும் சம்பளம் கொடுப்பது சாப்பாட்டு லாபம் அல்ல, கோப்பையின் லாபம். கோப்பை இல்லாத ஊரில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று ஒரு பாடகியை வைத்துப் பிழைப்பது முதலாளிக்குக் கட்டுப்படியாகாது. பம்பாயிலும் அன்று மதுவிலக்குச் சட்டம் இருந்தது, பெர்மிட் நடைமுறை தளர்ந்தாலும் நெருக்கடி போகவில்லை. கல்கத்தாவில் அந்தத் தடை கிடையாது. வெள்ளைக்காரக் கம்பெனிகளின் தலைமை அலுவலகங்கள், தேயிலை, சணல், அவற்றில் மாலையில் செலவழிக்கப் பணம் உள்ள அதிகாரிகள் எல்லாம் அங்கே. கூடவே, பியானோவும் டிரம்பெட்டும் வாசிக்கத் தெரிந்த ஆங்கிலோ இந்தியர்களும் கோவாக்காரர்களும். இவை எல்லாம் ஒன்று சேர்ந்து விளைந்ததுதான் பார்க் ஸ்ட்ரீட்.

அந்தத் தெருவின் ஒரு சிறு பகுதியில் மொகாம்போ, புளூ ஃபாக்ஸ், மூலான் ரூஜ், ட்ரிங்காஸ் என்று வரிசையாக இசை. 1956-ல் திறந்த மொகாம்போவில் பாடிப் பெயர் வாங்கிய பாம் கிரேன், ஜாஸ் உலகில் இன்றும் மரியாதையோடு சொல்லப்படுகிற பெயர். ட்ரிங்காஸ் ஆரம்பத்தில் சுவிட்சர்லாந்துக்காரர் ஒருவரின் டீக்கடை, கேக்குக்குப் பெயர் பெற்றது. 1950-களின் கடைசியில் ஓம் பிரகாஷ் புரியும் எல்லிஸ் ஜோஷுவாவும் அதை வாங்கி இசை அரங்காக்கினார்கள். மத்தியானத்தில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஜாம் செஷன், இரவில் பெரியவர்களுக்கு.

அந்தத் தெருவில் பாடகி என்றால் கவுன். கைக்கு உறை, தோள் தெரிகிற உடை, முடியை உயர்த்திக் கட்டிய அலங்காரம். உஷா ஐயர் வந்தது புடவையில். இதை ஒரு விளம்பரத் தந்திரம் என்று இப்போது சொல்லிவிடலாம். புடவை கட்டித்தான் பழக்கம், அதைத்தான் கட்டினேன் என்பது அவர் தரப்பு. தொடக்கத்தில் எப்படியோ, விளைவு பெரிது. மேடையில் காஞ்சிப்பட்டும் வளையலும் பூவுமாக ஒருவர் நின்றால், கீழே இருப்பவர் பார்க்கிற பார்வையே மாறும். பக்கத்து வீட்டு அக்கா திடீரென்று ‘ஜம்பலாயா’ பாடுகிற மாதிரி. லூசியானா மாநிலத்து இறால் சோற்றைக் கொண்டாடி ஹாங்க் வில்லியம்ஸ் 1952-ல் பாடிய அந்தப் பாட்டை உஷா பாடிப் பதிவும் செய்தார். பாட்டு அந்நியம், ஆள் சொந்தம். மனைவியை, அம்மாவை, பிள்ளையை அழைத்துக்கொண்டு வருவதற்குக் கூச்சம் இல்லாத நைட் கிளப் பாடகி என்று ஒருவர் இருக்க முடியும் என்பதை அவர் சொல்லிக்காட்டவில்லை, கட்டிக்காட்டினார். கல்கத்தா அவரைத் ‘தீதி’ என்று அழைத்தது. கிளப் பாடகியை அக்கா என்று கூப்பிட்ட ஊர் இந்தியாவில் வேறு எனக்குத் தெரியவில்லை.

சினிமா அவரைத் தேடி வந்ததும் கிளப் வழியாகத்தான். டெல்லி ஓபராய் ஓட்டலில் பாடிக்கொண்டிருந்தபோது தேவ் ஆனந்தின் படக்குழு கேட்டிருக்கிறது. 1970-ல் ‘பாம்பே டாக்கி’, 1971-ல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’. அந்த இசைத்தட்டுகளில் பெயர் உஷா ஐயர் என்றுதான் இருக்கும். பிறகு 1978-ல் ‘ஷாலிமார்’ படத்தின் ‘ஒன் டூ சா சா சா’, 1981-ல் பப்பி லாஹிரி இசையில் ‘ரம்பா ஹோ’. டிஸ்கோ காலம் அது. கதாநாயகிக்காக அவர் குரல் அழைக்கப்படவில்லை. விளக்கு சுழல்கிற காட்சி வந்தால் மட்டும் அழைத்தார்கள். திரை தன் கோட்டை அழிக்கவே இல்லை.

அவர் இசைத்தட்டை நம்பி இருக்கவில்லை என்பதால் அது பெரிய நஷ்டமாகவில்லை. உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வந்தது. பார்க் ஸ்ட்ரீட்டே சரியத் தொடங்கியது. நக்சல்பாரிக் காலத்துக் கலவரம், இரவில் வெளியே வரத் தயங்கிய மக்கள், கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுப் போனது, மணிக்கணக்கான மின்வெட்டு, நேரடி இசை நடத்துகிற உணவகங்கள் மேல் கேளிக்கை வரி. அதோடு டிஸ்கோதே வந்தது. ஆறு பேர் இசைக்குழுவுக்குச் சம்பளம் கொடுப்பதற்குப் பதில், அங்கே இசைத்தட்டு போட ஒரு ஆள் போதும். வாத்தியக்காரர்களில் பலர் வெளிநாடு போனார்கள், சிலர் பம்பாய் சினிமாவுக்குப் போனார்கள். புளூ ஃபாக்ஸில் பியானோ வாசித்த லூயிஸ் பேங்க்ஸை ஆர்.டி. பர்மன் அழைத்துக்கொண்டது அந்த வழியில்தான்.

உஷா உதூப் இரண்டும் செய்யவில்லை. கிளப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். கல்லூரி விழா, கம்பெனி ஆண்டு விழா, பூஜைப் பந்தல், புத்தாண்டு இரவு, வெளிநாட்டு இந்தியர் சங்கம் என்று எங்கே போனாலும் அங்கே செய்தது அதே வேலை: மேஜை மேஜையாகக் கூட்டத்தைப் பிடிப்பது. மொழிகள் பெருகியதும் இப்படித்தான். சீட்டில் குஜராத்திப் பாட்டு கேட்டால் குஜராத்தி, பஞ்சாபி கேட்டால் பஞ்சாபி. பதினைந்துக்கும் மேற்பட்ட இந்திய மொழிகளில் பாடுகிறார் என்று விழா மேடைகளில் சாதனையாக வாசிக்கிறார்கள். எனக்கு அது வாடிக்கையாளரை மதிக்கிற கடைக்காரரின் பழக்கமாகத்தான் தெரிகிறது. மதுரையில் துணிக்கடை வைத்திருக்கும் சௌராஷ்டிரக்காரர் நாலு மொழி பேசுவதில்லையா? ஆப்பிரிக்காவில் பாடியபோது ஸ்வாஹிலி. ‘மலைக்கா’ பாட்டு அவருடைய நிரந்தரச் சொத்தாகிவிட்டது. நைரோபி மேடையில் பாடியது தனி இசைத்தட்டாகவும் வந்தது.

1983-ல் அவருக்கு எதிராக வந்தது அரசாங்கம். மேற்கு வங்க இடதுசாரி அரசில் பொதுப்பணித்துறை அமைச்சராக இருந்த ஜதின் சக்ரவர்த்தி, உஷா உதூப் பாடுவது ‘அபசம்ஸ்கிருதி’, அதாவது பண்பாட்டுச் சீரழிவு என்று சொல்லி, அரசு அரங்குகளில் அவர் பாடத் தடை போட்டார். பட்டுப்புடவை கட்டி, ‘தீதி’ என்று அழைக்கப்பட்டவருக்கே இந்தக் கதி. குற்றம் உடையிலோ அசைவிலோ இல்லை, பாட்டு எங்கிருந்து வந்தது என்பதில் இருந்தது. கல்கத்தா உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. அரசு அரங்கில் யார் பாடலாம் என்பதை ஓர் அமைச்சரின் ரசனை முடிவு செய்ய முடியாது என்ற விஷயம் ஒரு நைட் கிளப் பாடகியின் வழக்கால் உறுதிப்பட்டது. ஊரைவிட்டுப் போயிருக்கலாம், பம்பாய் பிறந்த ஊர். போகவில்லை.

தமிழ் அவரைக் குறைவாகத்தான் பயன்படுத்தியது. 1990-ல் மணிரத்னத்தின் ‘அஞ்சலி’யில் இளையராஜா இசையில் ‘வேகம் வேகம் போகும் போகும்’. குழந்தைகள் விண்கலத்தில் பறப்பதாகக் கற்பனை செய்கிற பாட்டு. அதற்குப் பிஞ்சுக் குரல் போடாமல், அந்த முரட்டுத் தாழ்குரலைப் போட்டது ராஜாவின் துணிச்சல். பாட்டை ஹெட்போனில் ஒருமுறை கேளுங்கள். வல்லின எழுத்துகள் மேல் அவர் எப்படிக் காலூன்றி நின்று அடுத்த சொல்லுக்குத் தாவுகிறார் என்று தெரியும். கரண்டிச் சத்தத்துக்கு நடுவே ஒவ்வொரு சொல்லும் கடைசி மேஜைக்குப் போய்ச்சேர வேண்டும் என்று பழகிய வாய் அது. 2010-ல் ‘மன்மதன் அம்பு’ படத்தில் மாதவனுக்கு அம்மாவாக நடிக்கவும் செய்தார். மற்றபடி சொந்த மொழி அவரைக் கொஞ்சம் விருந்தாளியாகவே வைத்திருந்துவிட்டது.

சினிமாவின் பெரிய பரிசு வந்தபோது வயது 64. 2011-ல் வெளியான விஷால் பரத்வாஜின் ‘7 கூன் மாஃப்’ படத்தில், பழைய ரஷ்யப் பாட்டு ஒன்றின் மெட்டில் அமைந்த ‘டார்லிங்’ பாட்டை ரேகா பரத்வாஜோடு பாடியதற்காக ஃபிலிம்ஃபேர் விருது. பாட்டில் இருப்பது மது வாசனை அடிக்கிற, கொஞ்சம் தள்ளாடுகிற ஒரு கிளப் பாட்டின் மிடுக்கு. நாற்பது வருஷம் கழித்துச் சினிமா அவரைக் கூப்பிட்டது மறுபடியும் அதே அறைக்குத்தான்.

ட்ரிங்காஸில் இப்போதும் இரவில் இசைக்குழு வாசிக்கிறது. சஃபையரை 1994-ல் மூடிவிட்டார்கள். பிறகு கட்டடமும் போய்விட்டது, அதன் அடித்தளத்தோடு. அந்த அடித்தளத்தில் தொடங்கியவர் நெற்றிப் பொட்டில் வங்காள எழுத்து ‘க’ வரைந்துகொள்வார், கல்கத்தாவுக்காக. உடம்பில் காஞ்சிபுரம். காலைப் பார்த்தால் ஸ்போர்ட்ஸ் ஷூ. இரண்டு மணி நேரம் நின்றும் குதித்தும் பாடுகிறவருக்குக் குதிகால் செருப்பு சரிப்படாது என்பதால் வந்த ஏற்பாடு. அந்த ஷூவும் பட்டுப்புடவைத் துணியில் தைத்தது, ஓரத்தில் ஜரிகையோடு.